அம்மா மலையை விட்டு இறங்க மறுக்கிறார்: பராமரிப்புக்கு ஆளும் பணமும் எப்படி?

கேள்வி: எங்கள் அம்மாவுக்கு 76 வயது. கோத்தகிரிக்கு அருகே ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் தளர்ந்துவிட்டன. வாக்கரைப் பிடித்து, ஒருவர் துணையோடு நடக்கிறார். பேச்சும் நினைவும் தெளிவாக உள்ளன. அப்பா எஸ்டேட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் உயில் எழுதாமலே காலமானார். அவர் சம்பாதித்து வாங்கிய வீடும் ஒரு ஏக்கர் தேயிலைத் தோட்டமும் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கின்றன. அம்மாவின் வங்கிக் கணக்கில் 11 லட்சம் ரூபாய் உள்ளது. பி.எஃப். வழியாக விதவை ஓய்வூதியம் மாதம் 1,640 ரூபாயும், தோட்டக் குத்தகை ஆண்டுக்கு 42,000 ரூபாயும் வருகின்றன. 24 மணி நேரமும் உடன் இருக்கும் ஆளுக்குக் கோவை ஏஜென்சி ஒன்று மாதம் 26,000 ரூபாய் கேட்கிறது. கிராமத்திலேயே, முன்பு கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாவின் சிநேகிதி ஒருவர் பகலில் மட்டும் 12,000 ரூபாய்க்கு வரத் தயாராக இருக்கிறார். மேட்டுப்பாளையத்தில் இருக்கும் அண்ணன், "யார் பார்த்துக்கொள்கிறார்களோ அவர்கள் பெயருக்கு அம்மா வீட்டையும் தோட்டத்தையும் எழுதிக் கொடுத்துவிடட்டும்" என்கிறார். தம்பி பெங்களூருவில், நான் கோவையில். என்ன செய்வது? – ஒரு வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அம்மாவுக்கு எந்தெந்த நேரத்தில் ஆள் வேண்டும், அதற்கான பணம் எங்கிருந்து வரும், சொத்தை என்ன செய்வது என்பவை அவை. பெரும்பாலான குடும்பங்கள் மூன்றாவதிலிருந்து தொடங்கிச் சண்டையில் போய் நிற்பதை இந்த மலையில் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஆகவே முதல் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

ஏஜென்சிக்குப் பதில் சொல்வதற்கு முன், ஒரு நாற்பது பக்க நோட்டை அம்மாவின் கட்டிலருகே வைத்து, உங்களில் ஒருவர் ஏழு நாள் உடன் தங்கி, எப்போதெல்லாம் அவருக்கு இன்னொருவர் கை தேவைப்படுகிறது என்பதை மணி குறித்து எழுதுங்கள். எழுந்தது, குளித்தது, கழிப்பறைக்குப் போனது, சாப்பாட்டில் புரையேறியது, இரவில் கூப்பிட்டது எல்லாம் அதில் வர வேண்டும். நினைவும் பேச்சும் தெளிவாக உள்ள, துணையோடு நடக்கக்கூடிய ஒருவருக்கு, காலை ஆறிலிருந்து பத்து வரையும் மாலையிலும் நெருக்கமான உதவியும், இரவில் இரண்டு அல்லது மூன்று முறை எழுப்பிவிடும் உதவியும்தான் தேவை என்பது பெரும்பாலும் அந்த நோட்டில் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால் உங்களுக்கு வேண்டியவர்கள் இருவர்: பகலுக்கு அந்தச் சிநேகிதி, இரவில் வந்து படுத்துக்கொள்ள இன்னொரு பெண். இரவுத் துணைக்கு மாதம் 7,000 ரூபாய் என்று இப்போதைக்குக் கணக்கில் வைத்துக்கொள்வோம். உங்கள் ஊரில் விசாரித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

கிராமத்து ஆளை நான் முதலில் சொல்வதற்குச் செலவு மட்டும் காரணமல்ல. சமவெளியிலிருந்து வரும் பணியாளர்களில் பலர் நல்லவர்கள், பயிற்சி பெற்றவர்கள். ஆனால் டிசம்பர், ஜனவரிக் குளிரைத் தாங்க முடியாமல் பாதியில் இறங்கிவிடுகிறார்கள். குன்னூர் அருகே ஒரு வீட்டில் ஒரே குளிர்காலத்தில், மூன்று வாரத்துக்குள் நான்கு பேர் மாறியதைப் பார்த்தேன். ஒவ்வொருவர் வரும்போதும் அந்தப் பெரியவர், தம்மை எந்தப் பக்கத்திலிருந்து பிடித்துத் தூக்க வேண்டும் என்று குழறும் நாக்கால் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. நான்காவது ஆளிடம் அவர் எதுவுமே சொல்லவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். உங்கள் அம்மாவின் சிநேகிதிக்குப் பயிற்சி இல்லை என்பது உண்மைதான், ஆனால் அதைக் கொடுத்துவிடலாம். 2021 ஆகஸ்டிலிருந்து தமிழக அரசு நடத்திவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் மட்டுமல்லாமல், இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிந்து, ஃபிசியோதெரபிஸ்ட் வரும் நாளில் சிநேகிதியையும் பக்கத்தில் நிற்க வையுங்கள். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, அக்குளுக்குக் கீழே கை கொடுத்தும் தூக்கக் கூடாது, இடுப்பில் அகலமான பட்டை கட்டி அதைப் பிடித்தே எழுப்ப வேண்டும் என்பதை அவர் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். அவர் சிநேகிதி என்பதற்காகச் சம்பளத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மாதத்தில் நான்கு நாள் விடுப்பும் அந்த நாள்களில் யார் வந்து நிற்பது என்பதும் தொடக்கத்திலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

வீட்டுக்குள் உடனே செய்ய வேண்டியவை சில உண்டு. கட்டிலருகே ஒரு கமோடு நாற்காலி வந்துவிட்டால், இரவில் ஈரத்தரையில் கழிப்பறைக்கு நடக்கும் ஆபத்து பெருமளவு தீர்ந்துவிடும். மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். குளிருக்குப் பயந்து கதவடைத்துக்கொள்ளும் மலை வீடுகளில் இது வெறும் எச்சரிக்கை அல்ல. வெந்நீர்ப் பையைத் தளர்ந்த வலது பக்கத்தில் வைக்காதீர்கள், சூடு உறைக்காமல் தோல் வெந்துபோகும். சாலையிலிருந்து வீட்டுக்கு எத்தனை படிகள் என்று நீங்கள் எழுதவில்லை. படிகள் இருந்தால், அவசரத்தில் அம்மாவை நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுவரக்கூடிய நான்கு பேரின் கைப்பேசி எண்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். மறுபடியும் பக்கவாதம் வந்தால், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு முதல் நான்கரை மணி நேரம்தான் கெடு. அதில் ஒரு மணி நேரம் படியிலேயே போய்விடக் கூடாது. வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கச் சாலைகளில் மண் சரிவது உங்களுக்கே தெரியும். அக்டோபருக்கு முன்பே இரண்டு வாரத்துக்கான மருந்தைக் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

இனிப் பணத்தைப் பற்றி. நம் நாட்டில் காப்பீடு என்பது மருத்துவமனைப் படுக்கைக்குத்தான் பணம் தரும். வீட்டில் சோறூட்டி, துடைத்துவிட்டு, எழுப்பி நடத்துபவருக்குத் தராது. முன்னதற்கு உங்கள் அம்மாவுக்கு வழி இருக்கிறது: 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்ட ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் வய வந்தனா, 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்நோயாளிச் சிகிச்சைக்கு இடம் தருகிறது. தமிழகத்தில் எந்த மருத்துவமனைகள் அதை ஏற்கின்றன என்று விசாரித்து அதில் பதிவுசெய்து, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதையும் சேர்த்து ஒரே உறையில் வையுங்கள். உதகையில் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட 700 படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இப்போது மலையிலேயே இருக்கிறது. ஆகவே சிகிச்சைச் செலவை நினைத்து 11 லட்சத்தை அப்படியே பொத்தி வைக்க வேண்டியதில்லை. அந்தப் பணம் மாதாமாதம் பராமரிப்புக்குப் பயன்பட வேண்டும்.

இரண்டு லட்சத்தை அவசரத்துக்கு வங்கியில் விட்டுவிட்டு, ஒன்பது லட்சத்தை அம்மாவின் பெயரில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் அது கிடைக்கிறது; 30 லட்சம் வரை போடலாம், ஐந்தாண்டுத் தவணை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி. 2023 ஏப்ரலில் 8.2 விழுக்காடாக உயர்த்தப்பட்ட அந்த வட்டியில் ஒன்பது லட்சத்துக்கு ஆண்டுக்கு 73,800 ரூபாய், அதாவது மாதத்துக்கு 6,150 ரூபாய் வரும். போடும் நாளின் வட்டி விகிதம் ஐந்தாண்டுக்கும் மாறாது. ஓய்வூதியம் 1,640, குத்தகையிலிருந்து மாதத்துக்கு 3,500 சேர்த்தால் 11,290 ரூபாய். செலவுப் பக்கம் பகல் ஆளுக்கு 12,000, இரவுத் துணைக்கு 7,000, சாப்பாடு, மருந்து, டயபர், ஹீட்டர் ஓடும் மின்கட்டணம் எல்லாவற்றுக்கும் 8,000 என்று வைத்தால் 27,000. பற்றாக்குறை 15,710, மூவரும் பகிர்ந்தால் ஆளுக்கு ஏறத்தாழ 5,250 ரூபாய். ஏஜென்சி ஆளுக்கு மட்டுமே 26,000 என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தத் தொகை ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் அம்மாவின் கணக்கில் விழட்டும். ஒருவர் கைச்செலவு செய்து மற்றவரிடம் கேட்டு வாங்கும் ஏற்பாடு ஆறு மாதம்கூட நீடிக்காது. கையால் உழைக்கும் பிள்ளைக்குப் பணப் பங்கைக் குறைப்பதும் நியாயமே: வாராவாரம் மேலே ஏறி வந்து நிற்கப்போவது மேட்டுப்பாளையத்து அண்ணன்தான் என்றால், அவருடைய 5,250-ஐ மற்ற இருவரும் பகிர்ந்துகொள்வதைப் பற்றிப் பேசுங்கள்.

பக்கவாதத்தால் வலது கை எழுத மறுக்கும்போது வங்கியில் கையெழுத்து மாறி, பணம் எடுக்க முடியாமல் போகும். இதற்கு ரிசர்வ் வங்கி வழி வைத்திருக்கிறது. கையெழுத்திட முடியாத கணக்குதாரரின் பெருவிரல் ரேகையை, வங்கி அறிந்த இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்டினால் ஏற்க வேண்டும். அவர்களில் ஒருவர் பொறுப்பான வங்கி அலுவலராக இருக்க வேண்டும். 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வீட்டுக்கே வந்து அடிப்படை வங்கிச் சேவை தருமாறும் 2017-லேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தப்பட்டுள்ளது. அம்மா தெளிவாக இருக்கும் இப்போதே கணக்கை உங்களில் ஒருவரோடு கூட்டுக் கணக்காக மாற்றி, வாரிசு நியமனத்தையும் சரிபாருங்கள். பலர் ஒரு பொது அதிகாரப் பத்திரம் (பவர் பத்திரம்) எழுதிவிட்டால் போதும் என்று நம்புகிறார்கள். எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்துவிட்டால் நம் சட்டத்தில் அந்த அதிகாரமும் செல்லாது. ஓய்வூதியத்துக்கான ஆண்டு வாழ்நாள் சான்றை, சிறு கட்டணத்தில் தபால்காரரே வீட்டுக்கு வந்து பதிந்து கொடுப்பார்.

அண்ணனின் யோசனைக்கு வருகிறேன். அவர் தீய எண்ணத்தோடு சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை; யாரோ ஒருவர் தம் வாழ்க்கையை நிறுத்திவிட்டுப் பார்க்கப் போகிறார், அவருக்கு ஈடு வேண்டும் என்ற எண்ணமாக இருக்கலாம். ஆனால் அம்மாவால் அப்படி எழுதிக் கொடுக்கவே முடியாது. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் இல்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் நீங்கள் மூவருக்கும் சமபங்கு (அப்பாவின் தாயார் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு). அதாவது அம்மாவுடையது கால் பங்குதான். முதலில் கோத்தகிரி வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்று பெற்று, நால்வர் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பியுங்கள். வீட்டை அடமானம் வைத்து மாதாமாதம் பணம் பெறும் தலைகீழ் அடமானத் (ரிவர்ஸ் மார்ட்கேஜ்) திட்டமும் இந்த நிலையில் உதவாது. அதற்கு மூத்த குடிமகனின் பெயரில் சிக்கலற்ற உரிமை இருக்க வேண்டும்.

குத்தகைப் பணம் முழுவதும் அம்மா உள்ளவரை அவருடைய பராமரிப்புக்கே என்று மூவரும் எழுதிக் கையெழுத்திடுங்கள். உங்கள் பங்கை இப்போதைக்குக் கேட்காமல் இருப்பதே நீங்கள் செய்யும் பெரிய உதவி. பார்த்துக்கொள்பவருக்கு ஈடு செய்ய அம்மா விரும்பினால், தம் கால் பங்கை உயிலாக எழுதட்டும். உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், பதிவும் கட்டாயமல்ல, இரண்டு சாட்சிகள் போதும். உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றிக் கொடுக்கும் தானசெட்டில்மெண்டாக எழுதிவிட்டால் திரும்பப் பெறுவது எளிதல்ல. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் ரத்து செய்ய இடம் தருகிறது. ஆனால் அந்த நிபந்தனை இருந்தது என்பதே நிரூபிக்கப்பட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில், முதியோரைக் காக்கும் நோக்கில் இச்சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றும் கூறியது. இவற்றுக்கு நடுவே நின்று வழக்காட உங்கள் அம்மாவுக்கு வயது இல்லை. அப்படியும் அவர் செட்டில்மெண்டுதான் எழுதுவார் என்றால், "என்னை உடன் வைத்துப் பராமரிக்க வேண்டும்" என்ற வரி பத்திரத்திலேயே இருக்க வேண்டும்.

பிள்ளைகளில் ஒருவர் தம் பங்கைத் தர மறுத்தால், அம்மா குன்னூர் வருவாய்க் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமலே மனுக் கொடுத்து, மாதம் 10,000 ரூபாய் வரை பெற முடியும். உங்கள் வீட்டில் அந்த நிலை வரும் என்று கடிதத்திலிருந்து தோன்றவில்லை. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். 14567 என்பது முதியோருக்கான உதவி எண்.

மலையை விட்டு இறங்க மாட்டேன் என்ற அம்மாவின் சொல்லை இப்போதைக்கு மதிக்கலாம். ஆனால் விழுங்க முடியாமல் அடிக்கடி புரையேறினாலோ, இரண்டு பேர் சேர்ந்தும் எழுப்ப முடியாமல் போனாலோ, முதுகிலோ குதிகாலிலோ அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு தென்பட்டாலோ, அது படுக்கைப்புண்ணின் தொடக்கமாக இருக்கும் என்பதால், வீட்டு ஏற்பாட்டை மறுபடி யோசிக்க வேண்டும். அப்போது முதியோர் இல்லம் தேடினால், மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பதிவு பெற்றதா என்று கேட்டு, முன்னறிவிப்பின்றி இரவு எட்டு மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர் இரவில் விழித்திருக்கிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஏழு நாள் நோட்டு நிறைந்ததும் மூவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியில் கூடுங்கள். அம்மாவும் அந்தப் பேச்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். அண்ணன் மேலே வரும்போது கமோடு நாற்காலியையும் இடுப்புப் பட்டையையும் மேட்டுப்பாளையத்திலேயே வாங்கி வந்துவிடட்டும்.