செய்த பாவத்துக்கு மன்னிப்பு உண்டா? சுங்கை சிப்புட் கேள்வி பதில்

பாவம், மன்னிப்பு, இறைவன் கருணை பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள், யார் பெயரையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று எங்கள் திருமுறை வகுப்பில் சொல்லியிருந்தேன். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் தோட்டத்து லயங்களில் இருந்தும் தாமான் குடியிருப்புகளில் இருந்தும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் சைவன், எனக்குத் தெரிந்த வழியில்தான் பதில் சொல்வேன்.

கேள்வி: ஐயா, நான் லோரி ஓட்டியவன். குடித்துவிட்டு ஓட்டி, தோட்டத்துச் சாலையில் சைக்கிளில் போன ஒரு பெரியவரை அடித்துவிட்டேன். அங்கேயே இறந்துவிட்டார். சிறைக்குப் போய் வந்துவிட்டேன், ஆனால் கோயில் வாசலோடு திரும்பிவிடுகிறேன், உள்ளே போகக் கால் வரவில்லை. உயிரை எடுத்தவனுக்கு மன்னிப்பு உண்டா? சில ராத்திரி நான் இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது.

தம்பி, உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்த எண்ணம் வரும் ராத்திரியில் தனியாகப் படுத்துக்கொண்டு யோசிக்காதீர்கள். மனம் உடைந்தவர்களிடம் பேசும் பிஃப்ரெண்டர்ஸ் (Befrienders) அமைப்புக்குப் போன் போடுங்கள், 03-7627 2929, எந்த நேரமும் எடுப்பார்கள், உங்கள் பெயரைக்கூடக் கேட்க மாட்டார்கள். வீட்டில் யாரையாவது எழுப்பிப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். உயிருக்கு உயிர் கொடுத்தால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று சைவம் எங்கேயும் சொல்லவில்லை, அது இன்னொரு வீட்டில் இன்னொரு சாவு, அவ்வளவுதான்.

சரி, மன்னிப்புக்கு வருவோம். மதுரையில் சோமசுந்தரக் கடவுள் செய்த 64 திருவிளையாடல்களில் 26-ஆவது மாபாதகம் தீர்த்த படலம். நம் கோயில்களில் இதை யாரும் அதிகம் பேசுவதில்லை, பேசவே கூசும் கதை. ஒருவன் பெற்ற தாயோடு தகாத உறவு வைத்தான், அதைக் கண்டுபிடித்த தகப்பனை வெட்டிக் கொன்றான். ஊரைவிட்டு ஓடினான், காட்டில் திருடர்கள் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள், பழி அவனைத் துரத்தித் துரத்தி அழவைத்தது, எந்தத் தீர்த்தத்தில் முழுகியும் விடவில்லை. கடைசியில் மதுரைக்கு வந்தபோது, சிவபெருமான் வேடனாகவும் அம்மை வேட்டுவச்சியாகவும் கோபுர வாசலில் இருந்தார்கள். அவன் உள்ளே போகக்கூட இல்லை தம்பி, வாசலுக்கே சாமி வந்து என்ன நடந்தது என்று கேட்டது. இப்படிப்பட்டவனுக்கா இரங்குவது என்று அம்மையே கேட்கிறாள், பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லாதவனைக் காப்பதுதானே காப்பு என்ற பொருளில் ஐயன் பதில் சொல்கிறார்.

ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. பிச்சை எடுத்து ஒரு வேளை மட்டும் சாப்பிடு, அடியாருக்குத் தொண்டு செய், தீர்த்தத்தில் குளி, தினமும் 108 முறை அங்கப்பிரதட்சணம் செய் என்று வேலை கொடுத்தார். கொலைகாரனை அருகில் வைத்துக்கொண்டார், அவன் உடம்பை உழைக்கவும் வைத்தார்.

உங்களுக்கும் வேலை இருக்கிறது. அந்தப் பெரியவருக்குப் பிள்ளைகள் இருப்பார்கள். நேராகப் போய் வீட்டு வாசலில் நிற்காதீர்கள், உங்களைப் பார்த்தாலே அவர்களுக்குப் பழையபடி ரணமாகலாம். ஊர்ப் பெரியவர் ஒருவரை அனுப்பி, வந்து கும்பிட்டுக் கேட்க விரும்புகிறார் என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அந்த வார்த்தைக்குக் கட்டுப்படுங்கள். குடியை விட்டுவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, விடாவிட்டால் இன்றைக்கே விடுங்கள், தனியாக முடியாது என்றால் மருத்துவரிடம் போங்கள். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை காலையில் மடப்பள்ளியில் பாத்திரம் கழுவ ஆள் வேண்டும். பின்வாசல் வழியாக வரலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

கேள்வி: சீட்டு நடத்தினேன். பொம்பளைகள் மாதம் நூறு வெள்ளி கட்டினார்கள். அந்தக் காசை எடுத்துச் செலவு செய்துவிட்டு, ஆள் ஓடிவிட்டார், நஷ்டம் என்று சொல்லிவிட்டேன். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் மூன்று வருடம் காவடி எடுத்தேன், எடுத்த தொகைக்கு மேலேயே உண்டியலில் போட்டுவிட்டேன். இன்னும் மனசு அடங்கவில்லையே, ஏன்?

அடங்காதும்மா, அடங்கவும் கூடாது. அந்தக் காசு முருகனுடையது இல்லையே. விடியற்காலை இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கொசுக்கடியில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள், செம்பனைக் காட்டில் குனிந்து குனிந்து உதிரிப் பழம் பொறுக்கியவள், அவள் கைக்காசு அது. பிள்ளை படிப்புக்கு, மகள் கல்யாணத்துக்கு என்று முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தது. அதைக் கொண்டுபோய் 272 படி ஏறி உண்டியலில் போட்டால் அவளுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

சுந்தரர் கதை தெரியும்தானே. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சன்னதியில் சத்தியம் செய்தால் மாட்டிக்கொள்வோம் என்று, நான் சத்தியம் செய்யும் நேரம் மட்டும் நீ மகிழ மரத்தடிக்குப் போய்விடு என்று சாமியிடமே பேசி வைத்தார். சாமி சரி என்றார், சங்கிலியார் கனவில் போய், மரத்தடியிலேயே சத்தியம் வாங்கு என்றும் சொல்லிவிட்டார். சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போனது. அப்போது திருவெண்பாக்கத்தில் பாடினார், "பிழையுளன பொறுத்திடுவர் என்றடியேன் பிழைத்தக்கால்" என்று. நீ பொறுத்துக்கொள்வாய் என்ற தைரியத்தில்தானே தப்புச் செய்தேன் என்கிறார். சாமிக்குத் தோழன், தம்பிரான் தோழன் என்றே பெயர், அவருக்கே குறுக்கு வழி கிடைக்கவில்லை.

ஒரு நோட்டை எடுங்கள். யார் யார், எவ்வளவு என்று பெயர் போட்டு எழுதுங்கள். ஒரே நேரத்தில் முடியாதென்றால் மாதம் ஒருவருக்காவது கொடுங்கள், வயதானவர்களுக்கு முதலில். இறந்துபோனவர் பங்கு அவர் பிள்ளைக்கு. கொடுக்கும்போது உண்மையைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும், கடிதத்தில் காசை வைத்து வாசலில் போட்டுவிட்டு வருவது பாதி வேலை, ஏனென்றால் ஓடிப்போனார் என்று நீங்கள் கைகாட்டிய அந்த ஆள் பெயரும் கெட்டுக் கிடக்கிறது, அதையும் நீங்கள்தான் துடைக்க வேண்டும். சிலர் திட்டுவார்கள், போலீசுக்கும் போகலாம். போனால் போகட்டும், பயந்து நிறுத்தாதீர்கள். காவடியை அதற்கப்புறம் எடுங்கள்.

கேள்வி: செய்த வினையை அனுபவித்தே தீரணும் என்கிறீர்கள், கடவுள் மன்னிப்பார் என்றும் சொல்கிறீர்கள். இரண்டில் எது உண்மை? (கல்லூரி மாணவன்)

இரண்டும்தான் தம்பி. எல்லாம் விதி என்று கையைக் கட்டி உட்கார்ந்தவர்களைப் பார்த்துச் சம்பந்தர் பாடியதுதான் "அவ்வினைக்கு இவ்வினையாம்" என்று தொடங்கும் திருநீலகண்டப் பதிகம். அந்த வினைக்கு இந்தப் பலன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள், பிழைக்கும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறை இல்லையா என்று கேட்கிறார். சித்தாந்தத்தில், சேர்ந்து கிடக்கும் பழவினை சஞ்சிதம், அதைக் குருவருள் எரித்துவிடும். இந்த உடம்போடு வந்த பிராரத்தத்தை உடம்பு அனுபவித்துத்தான் கழிக்கும். இனிமேல் செய்து சேர்ப்பது ஆகாமியம், அது ஏறாமல் அருள் காக்கும். சுந்தரருக்கே காஞ்சியில் ஒரு கண்தான் வந்தது, இன்னொன்று திருவாரூர் போய்ச் சேர்ந்த பிறகு. மன்னிப்புக் கிடைத்தவரும் அதுவரை கோலூன்றித்தான் நடந்தார்.

கேள்வி: வீட்டுக்காரர் குடித்துவிட்டு என்னை அடிப்பவர். போன மாதம் விரதம் இருந்து மொட்டை போட்டுவிட்டு வந்து, சாமியே என்னை மன்னித்துவிட்டது, நீ யார் மன்னிக்க மாட்டேன் என்று சொல்ல என்கிறார். எங்கம்மாவும் போய்ச் சேர்ந்து வாழு என்கிறார். நான் மன்னிக்காவிட்டால் எனக்குப் பாவமா?

இல்லை தங்கச்சி. இல்லவே இல்லை.

சாமி மன்னித்தது அவருக்கு எப்படித் தெரியும்? மன்னிப்பு உள்ளே இறங்கியவன் வாயில் நீ யார் என்ற பேச்சு வராது. அப்பர் சுவாமிகளைப் பாருங்கள், "குலம் பொல்லேன் குணம் பொல்லேன் குறியும் பொல்லேன் குற்றமே பெரிதுடையேன்" என்று பாடுகிறார், அடுத்தவர் மேல் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்காரர் அப்படியா வந்து நிற்கிறார்? தலைமுடி போய்விட்டது, கை ஓங்குவது போய்விட்டதா என்று பார்க்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும், அதுவரை நீங்கள் அம்மா வீட்டிலேயே இருக்கலாம். மனசில் கோபம் ஆற வேண்டுமென்று வேண்டிக்கொள்ளுங்கள், அது உங்கள் நிம்மதிக்கு. அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவது வேறு விஷயம், இரண்டையும் ஒன்றாக்கி உங்களை யாரும் மிரட்ட விடாதீர்கள். திரும்பவும் கை வைத்தால் போலீசில் புகார் கொடுங்கள், தாலியான் காசே (Talian Kasih) உதவித் தொலைபேசி, 15999 என்ற எண்ணுக்கும் கூப்பிடலாம். உங்கள் அம்மாவை வேண்டுமானால் என்னிடம் பேசச் சொல்லுங்கள், நான் சொல்கிறேன்.

கேள்வி: நாங்கள் ஆர்சி (ரோமன் கத்தோலிக்கர்). உங்களிடம் கேட்கலாமா? பெரிய பாவம் ஒன்றைச் சாமியாரிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தாராளமாகக் கேட்கலாம், ஆனால் உங்கள் மருந்து உங்கள் கோயிலில் இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை உங்கள் குருவானவர் யாரிடமும் எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடக்கூடாது, உங்கள் திருச்சபையின் கண்டிப்பான சட்டம் அது. பங்கு சாமியார் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தால் ஈப்போ பக்கம் வேறு கோயிலுக்குப் போய் இன்னொரு குருவிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மாவை முதியோர் இல்லத்தில் விட்டேன். வாரம் ஒருமுறை வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான்கு மாதம் போகவில்லை. இறந்த பிறகுதான் போனேன். மன்னிப்புக் கேட்க ஆளே இல்லை, யாரிடம் கேட்பது?

இந்தக் கேள்வியை வேறு வேறு வார்த்தையில் பல பேர் கேட்டிருக்கிறார்கள். இளையவர்கள் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள், லயத்து வீட்டில் இருந்த கிழங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடந்தது பாதி, மனசில்லாமல் நடந்தது பாதி. உங்களுடையது எது என்று உங்களுக்குத்தான் தெரியும், நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை.

பட்டினத்தார் எல்லாவற்றையும் துறந்தவர். தாய் இறந்தபோது மட்டும் வந்து நின்று கொள்ளி வைத்தார். அங்கே அவர் தத்துவம் பேசவில்லை. "ஐயிரண்டு திங்களாய் அங்கமெலாம் நொந்து பெற்று" என்று தொடங்கி, சுமந்தாள், பால் கொடுத்தாள், ராப்பகலாகக் காத்தாள் என்று அம்மா செய்ததை ஒவ்வொன்றாகச் சொல்லி, இந்த வாய்க்கா அரிசி போடுவேன், இந்த உடம்புக்கா நெருப்பு வைப்பேன் என்று அழுகிறார். நீங்களும் உட்கார்ந்து சொல்லுங்கள். படம் இருக்கும் இடத்தில் ஒரு விளக்கை ஏற்றிவிட்டு, வாய்விட்டு. அம்மா வெட்டுக்குப் போகுமுன் வரக்கோப்பி போட்டு மூடி வைத்ததில் இருந்து எல்லாவற்றையும். அப்புறம் நான் வரவில்லை அம்மா என்பதையும் சொல்லுங்கள், வேலை, பிள்ளைக்குப் பரீட்சை என்று பக்கத்திலேயே காரணம் வைக்காமல் சொல்லுங்கள்.

திதியை விடாமல் கொடுங்கள். அதே இல்லத்துக்கு, அம்மாவுக்குப் போயிருக்க வேண்டிய அதே கிழமையில் இனிமேல் போங்கள். அங்கே யாரும் பார்க்க வராத ஒருவர் கட்டாயம் இருப்பார். பணம் கட்டிவிட்டு வந்துவிடாதீர்கள், உட்கார்ந்து பேசுங்கள், நகம் வெட்டிவிடுங்கள், தலை வாரிவிடுங்கள். உங்கள் அம்மாவுக்குக் கிடைக்காத அந்த ஒரு மணி நேரம் இன்னொரு தாய்க்குப் போய்ச் சேரட்டும்.

கேள்வி: தேவாரம் படிக்கிறேன், ஆனால் அழுகையே வருவதில்லை. உண்மையிலேயே வருந்துகிறேனா, தண்டனைக்குப் பயந்து நடிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவழித்த மாணிக்கவாசகரே, "யானே பொய் என்நெஞ்சும் பொய் என்அன்பும் பொய்" என்கிறார். அதற்கு அடுத்து, "ஆனால் வினையேன் அழுதால் உன்னைப் பெறலாமே" என்று கேட்கிறார். தன் அன்பே பொய் என்று தெரிந்துகொண்டுதான் கேட்கிறார், மெய்யாகட்டும், அப்புறம் வருகிறேன் என்று காத்திருக்கவில்லை. நீங்களும் பொய்யோடேயே போங்கள். பயத்தில் போனாலும் போங்கள். அழுகை வராவிட்டால், அழுகை வரவில்லை என்பதையே சொல்லுங்கள். செய்ததைத் திரும்பச் செய்யாமல் இருக்கிறீர்களா, கெடுத்ததைச் சரிசெய்யக் கை நீள்கிறதா, அதைப் பாருங்கள். கண்ணீர் தானாக வரும் நாளில் வரட்டும்.

கேள்வி: ஒரே ஒரு பாட்டுத்தான் மனப்பாடம் செய்ய முடியும் என்றால் எது? மச்சம் (அசைவம்) சாப்பிட்டிருந்தால் பாடலாமா?

அப்பரின் ஆறாம் திருமுறைத் தாண்டகம், "அத்தா உன் அடியேனை அன்பால் ஆர்த்தாய்" என்று தொடங்குவது. "பித்தனேன் பேதையேன் பேயேன் நாயேன் பிழைத்தனகள் அத்தனையும் பொறுத்தாய் அன்றே" என்ற வரி அதில்தான் வருகிறது. மச்சம் சாப்பிட்டிருந்தால் வாயைக் கொப்பளித்துவிட்டு, நெற்றியில் நீறு பூசிக்கொண்டு பாடுங்கள். ராகம் தெரியாதவர்கள் படித்தாலே போதும், ராகம் பழக விரும்புபவர்கள் ஞாயிறு காலை வகுப்புக்கு வாருங்கள், கட்டணம் கிடையாது.