நடத்தைக்கான காரணத்தை மதிப்பிடப் பயிலுநர்களை எவ்வாறு பழக்குவது?

பிள்ளைகளின் பிரச்சினையான நடத்தைக்குக் காரணம் எது என மதிப்பிட, புதிதாக வரும் நடத்தைப் பகுப்பாய்வாளர்களை (நடத்தைக்கு முன்னும் பின்னும் நடப்பதைப் பார்த்து அதை ஆராய்பவர்களை) எப்படிப் பயிற்றுவிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் விசேட தேவையுடைய பிள்ளைகளோடு வேலை செய்யும் பயிலுநர்களைச் சில வருடங்களாகப் பழக்கி வருகிறேன். முதல் இரண்டு வாரங்களுக்குக் 'காரணம்' என்ற சொல்லையே அவர்களுடைய குறிப்பேட்டில் நான் அனுமதிப்பதில்லை; கண்ணால் கண்டதை மட்டும் எழுதவேண்டும்.

ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் (இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்கிறார்கள்) 5 வயதுப் பையன் தன் மணிக்கட்டைக் கடித்ததை, 'பிடிவாதத்தால் கோபப்பட்டான்' என்று ஒரு பயிலுநர் எழுதிவந்தார். பிடிவாதத்தை எங்கே கண்டீர்கள் என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன். மறுநாள் தாளில் இப்படி இருந்தது: 'ஆயாம்மா மணித்தட்டை முன்னால் வைத்துக் கோர்க்கச் சொன்னார், உடனே இடது மணிக்கட்டைக் கடித்தான், தட்டு எடுக்கப்பட்டது, இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்காரவைக்கப்பட்டான்.' மூன்று நாட்களில் 11 தடவை கடித்ததில் 9 தடவை இதே வரிசைதான். அம்மா கொழுந்து பறிக்கப் போய்விடும் ஏக்கம் என்று அப்பாயி சொன்னதையும் நாங்கள் தள்ளிவிடவில்லை. ஆனால் அவன் கடித்த நேரங்கள் வேலையிலிருந்து தப்புவதையே காட்டின.

எனினும் பார்த்து எழுதியது ஊகத்துக்கே போதும். அதைச் சோதித்தாக வேண்டும். 1982இல் அமெரிக்க நடத்தைப் பகுப்பாய்வாளர் பிரயன் இவாட்டாவும் குழுவினரும் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்ட 9 பேரை, கவனம் கிடைக்கும் நிலை, வேலை கொடுக்கப்படும் நிலை, தனிமை, விளையாட்டு என நான்கு நிலைகளில் 15 நிமிடம் வீதம் வைத்து, எந்த நிலையில் அந்த நடத்தை கூடுகிறது என்று ஒப்பிட்டார்கள். இதை விரிவுரையில் கேட்ட பயிலுநர் பரீட்சையில் பிழையில்லாமல் எழுதிவிடுவார். ஆனால் வேலை கொடுக்கும் நிலையில் பிள்ளையின் எதிரே உட்கார்ந்தால், அவன் கையைக் கடித்ததும் "வேணாம் ராசா" என்று கையைப் பிடித்துவிடுவார். அந்த ஒரு சொல்லோடு வேலையும் விலகுகிறது, கவனமும் கிடைக்கிறது. கடிப்பது எதற்காக என்பது மறுபடி தெரியாமல் போகிறது. ஆகவே நானே பிள்ளையாக நடிக்கிறேன். பயிலுநர் ஒவ்வொரு நிலையையும் நடத்த, இன்னொருவர் அட்டவணையில் குறிக்க, தவறிய இடத்தை அப்போதே சொல்லி மறுபடி செய்ய வைக்கிறேன். தனித்தனியாகப் பதிந்த இருவரின் குறிப்புகள் 80 சதவீதமாவது ஒத்துப்போகும்வரை எவரையும் உண்மையான பிள்ளையிடம் அனுப்புவதில்லை.

காதுவலி, பல்வலி, மலச்சிக்கல் ஆகியவற்றை வைத்தியர் பார்த்த பிறகே சோதனை தொடங்கும். காயம் ஏற்படக்கூடிய நடத்தையாயின், அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருப்பார். எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்பதும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும்.

அந்தப் பையனுக்கு, கடிப்பதற்குப் பதிலாக 'கொஞ்சம் ஓய்வு' என்று காட்டும் அட்டையைக் கொடுக்கக் கற்பித்தோம். முதல் வாரம் மணியைத் தொடுவதற்கு முன்பே அட்டையை நீட்டிக்கொண்டிருந்தான். ஆயாம்மாவுக்கு அலுத்துப்போனாலும், ஒவ்வொரு முறையும் தட்டை எடுத்துக் கொடுத்தார்.