டிசம்பர் 17 நற்செய்தியும் உங்கள் வீட்டுப் பட்டியலும்

கேள்வி: எங்கள் அன்பியத்தின் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழு) திருவருகைக் காலச் செபக் கூட்டத்தில் டிசம்பர் 17 அன்று சிந்தனை வழங்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. அன்றைய நற்செய்தி மத்தேயு 1:1-17, முழுவதும் இயேசுவின் மூதாதையர் பெயர்கள். இதை வைத்து மக்களுக்கு என்ன சொல்வது? வேறு பகுதியை எடுத்துக்கொள்ளலாமா? எனக்குமே இந்த ஆண்டு எந்த வாசகமும் மனத்தில் ஒட்டவில்லை. இத்தனைக்கும் குடில் வேலை முடிந்துவிட்டது; கிறிஸ்துமஸ் நன்றித் திருப்பலிக்குக் குடும்பத்தார் பெயர்களையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். வேறு சாதிக் கத்தோலிக்கரை மணந்து சென்ற தங்கையின் பெயரை, மறைந்த அப்பாவின் வழக்கப்படி, நானும் எழுதுவதில்லை. கண் மங்கிய அம்மா ஆண்டுதோறும் பட்டியலை வாசித்துக் காட்டச் சொல்வார். இந்த முறையும் வாசித்தேன். மனம் வறண்டிருப்பது ஏன்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: வேறு பகுதியை எடுக்காதீர்கள். டிசம்பர் 17 முதல் 24 வரையிலான நாள்களுக்கென்றே திருச்சபை தனி வாசகங்களை வைத்திருக்கிறது. அவற்றின் வாசலில் நிற்பது இந்தத் தலைமுறை அட்டவணை. ஆபிரகாம் முதல் தாவீது வரை 14, அங்கிருந்து பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டது வரை 14, அதன்பின் கிறிஸ்து வரை 14 என்று மத்தேயு அடுக்கியிருப்பதை ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம்.

நான் கேட்க விரும்புவது உங்கள் அம்மாவைப் பற்றி. பெற்று வளர்த்த பிள்ளைகளின் பெயர்களும், மடியில் தூக்கி வளர்த்த பேரப்பிள்ளைகளின் பெயர்களும் ஒரு தாய்க்கு மறந்துபோகுமா? ஆண்டுதோறும் அதே பெயர்களை ஏன் வாசித்துக் காட்டச் சொல்கிறார் என்று ஒருமுறையாவது நீங்கள் யோசித்தீர்களா? அவர் ஒரே ஒரு பெயருக்காகக் காத்திருக்கிறார். கடைசிப் பெயர் வரை கேட்டுவிட்டு, வராத பெயரைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து போகிறார். அந்தப் பெயர் இல்லாத பட்டியலைக் கூடத்திலேயே உட்கார்ந்து வாசித்துவிட்டு, மனம் ஏன் வறண்டது என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். இப்படிப்பட்ட கடிதங்கள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வருகின்றன. எல்லாவற்றிலும் வீட்டார் விட்டுவிட்ட ஒருவர் ஓர் ஓரத்து வரியில் ஒளிந்திருக்கிறார்.

இப்போது மத்தேயுவைத் திறந்து, அவர் யாரையெல்லாம் விடாமல் எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். தந்தையரின் பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டு போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ தாமாரையும், எரிகோவின் விலைமகளான இராகாபையும், ரூத்தையும், உரியாவின் மனைவியையும் சேர்த்திருக்கிறார். மோவாபியர் பத்தாம் தலைமுறையிலும் ஆண்டவரின் திருப்பேரவைக்குள் நுழையக்கூடாது என்கிறது இணைச்சட்ட நூல். அந்த மோவாபு நாட்டில் பிறந்த ரூத்தின் பேரன் ஈசாய், ஈசாயின் மகன் தாவீது. நம் ஆண்டவர் மனித உடல் எடுத்த குலத்திலேயே, வேற்றினத்துப் பெண் மருமகளாக வந்து பாட்டியாகவும் கொள்ளுப்பாட்டியாகவும் இடம்பெற்றிருக்கும்போது, ஒரே நற்கருணையை உண்ணும் ஒரு குடும்பத்துக்குள் சாதியின் பெயரால் ஒரு பெண்ணை நீக்கிவைக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? திருமுழுக்குப் பெற்ற இருவர் திருச்சபையின் முறைப்படி செய்துகொண்ட திருமணம் ஓர் அருளடையாளம். அப்படி நடந்த திருமணத்தை உங்கள் குடும்பம் ஏற்றுக்கொள்ளவில்லை என்றால், அடையாளம் தெரியாமல் நிற்பது உங்கள் தங்கை அல்ல, உங்கள் குடும்பம்தான்.

அன்றைய முதல் வாசகத்தையும் விட்டுவிடாதீர்கள். தொடக்க நூல் 49ஆம் அதிகாரத்தில், சாகும் தறுவாயிலிருக்கும் யாக்கோபு, செங்கோல் யூதாவைவிட்டு நீங்காது என்று ஆசி வழங்குகிறார். அந்த யூதா யார்? தன் மருமகள் தாமார் கருவுற்றாள் என்று கேட்டதும், அவளை வெளியே கொண்டுவந்து எரித்துவிடச் சொன்ன குடும்பத்தலைவர். கருவுக்குத் தந்தை அவரே என்பதற்குச் சான்றாகத் தாமார் அவருடைய முத்திரை மோதிரத்தையும் கைக்கோலையும் அனுப்பிவைத்தபோது, அவற்றை மறைத்துத் தம் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவரால் முடிந்திருக்கும். ஆனால் அவள் என்னைவிட நேர்மையானவள் என்று எல்லார் முன்னும் ஒப்புக்கொண்டார். குடும்பத்தலைவர் என்றால் எனக்கு இவர்தான் நினைவுக்கு வருகிறார். உங்கள் வீட்டில் அந்த இடம் இப்போது உங்களுடையது.

அப்பாவின் வழக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். தாய் தந்தையை மதிக்க வேண்டும் என்ற நான்காம் கட்டளையை நானும் உயிராகப் போற்றுகிறேன். பெற்றோரை முதுமையில் தவிக்கவிடும் பிள்ளைகளை இந்தப் பக்கத்திலேயே கடிந்திருக்கிறேன். அந்தக் கட்டளையில் தாயும் இருக்கிறார், அவர் உயிரோடும் இருக்கிறார். இறந்துபோன தந்தைக்கு மகன் செய்ய வேண்டிய கடமை, அவர் ஆன்மா இளைப்பாற மன்றாடுவதும், அவர் சரிசெய்யாமல் விட்டுப்போன அநீதியைச் சரிசெய்வதும் ஆகும். அவருடைய கோபத்தையும் சொத்தைப் போல வாரிசாகப் பெற்றுக் காத்து வருவது எந்தக் கணக்கிலும் மரியாதையாகாது.

எனவே வறட்சிக்கு மருந்தாகத் தியான நூல்களை வாங்காதீர்கள். டிசம்பர் 17க்கு முன் தங்கையைத் தொலைபேசியில் அழையுங்கள். பங்கு அலுவலகத்துக்குப் போய் அவர் பெயரை மட்டும் சத்தமில்லாமல் சேர்த்துவிட்டு வந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். அது அவருக்குத் தெரியாமல் உங்கள் மனச்சான்றை ஆற்றிக்கொள்வதாகும். காணிக்கை செலுத்துமுன் போய் உன் சகோதரரோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்று ஆண்டவர் சொன்னதற்குப் பொருள், நேரில் போவது, கேட்பது, திட்டினால் வாங்கிக்கொள்வது. அவர் உடனே மன்னிக்காமலும் போகலாம். இத்தனை கிறிஸ்துமஸ்களுக்குப் பிறகு அவர் கோபப்பட உரிமை இருக்கிறது. அதைக் காரணம் காட்டிப் பின்வாங்காமல் குடும்பத்தோடு வீட்டுக்கு வரும்படி அழையுங்கள், அம்மாவிடம் தொலைபேசியைக் கொடுங்கள்.

அன்பியத்தில் பேசப் பத்து நிமிடம் போதும். தாமார், ரூத்து இருவரையும் எடுத்துக்கொண்டாலே நேரம் சரியாக இருக்கும். தங்கையோடு பேசிய பிறகு பங்கு அலுவலகத்துக்குப் போய்ப் புதிதாகப் பட்டியல் எழுதிக் கொடுங்கள். தங்கை கணவரின் பெயரும், பிள்ளைகள் இருந்தால் அவர்களுடைய திருமுழுக்குப் பெயர்களும் அதில் இருக்க வேண்டும். அவற்றை வேறு யாரிடமும் விசாரிக்காமல் தங்கையிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.