இமையோரப் பாலுண்ணிக்குச் செடிப்பால் வைக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் வசிக்கிறோம். மழைக்குப் பின் முற்றத்து மணலில் ஒரு சிறு செடி தரையோடு படர்ந்திருக்கிறது. தண்டு சிவப்பு, இலையெல்லாம் மென்மயிர், கடுகளவுகூட இல்லாத பூக்களின் ஓரம் விரல்போலப் பிளந்த வெண்மை. கிள்ளினால் பால் வடிகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா, இது அம்மான் பச்சரிசி வகைதான், 6 வயதுப் பேரனின் இமையோரப் பாலுண்ணிக்கு இதன் பாலைத் தொட்டு வைக்கலாம் என்கிறார். வைக்கலாமா?

பதில்: வைக்கவே வேண்டாம். உங்கள் அம்மா இனத்தைச் சரியாகத்தான் கண்டுகொண்டிருக்கிறார். நீங்கள் சொல்லும் அடையாளங்கள், சோனோரன் பாலைவனத்தில் மழையை நம்பி முளைத்து ஓராண்டுக்குள் மடியும் யூஃபோர்பியா செட்டிலோபா என்னும் செடிக்குப் பொருந்துகின்றன. அதுவும் அம்மான் பச்சரிசியின் உறவுதான். நம் ஊரில் மருவுக்கு அம்மான் பச்சரிசிப் பால் வைப்பதையும் நான் குறைத்துப் பேச மாட்டேன், ஏனெனில் இவ்வினத்துப் பாலில் தோலை அரிக்கும் வீரியம் உண்மையிலேயே இருக்கிறது. இதன் உறவான யூஃபோர்பியா பெப்ளஸின் பாலிலிருந்து பிரித்தெடுத்த இன்ஜெனால் மெபுடேட், வெயிலால் வரும் தோல் தடிப்புகளுக்கான மருந்தாக 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தோல் புற்றுநோய் குறித்த அச்சத்தால் 2020-இல் ஐரோப்பாவில் விலக்கப்பட்டது. அளந்து தயாரித்த அந்த மருந்தையே கண்ணருகில் தடவக் கூடாது என்று எச்சரித்திருந்தார்கள் என்றால், கிள்ளிய தண்டிலிருந்து சொட்டும் பாலை, கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கும் ஒரு குழந்தையின் இமையில் வைப்பதை என்னால் எண்ணிப் பார்க்கவே முடியவில்லை.

இப்பால் கண்ணில் பட்டால் முதலில் எரிச்சல் மட்டுமே தெரியலாம். கருவிழி வீங்குவதும், பார்வை மங்குவதும், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுவதும் பல மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் முற்றும் என்பதால், கழுவியபின் குழந்தை விளையாடத் தொடங்கிவிட்டதே என்று இருந்துவிடக் கூடாது. கசக்க விடாமல், சுத்தமான குழாய்த் தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் இமையைத் திறந்து வைத்துக் கழுவுங்கள். தாய்ப்பாலோ, வீட்டில் மிஞ்சிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தோ வேண்டாம். அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். செடியின் ஒரு கிளையையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். உரிய சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் கண் தெளிந்துவிடும்.

பாலுண்ணி வைரஸால் வருவது; பொதுவாகச் சில மாதங்களில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலாகி, தானே உதிர்ந்துவிடும். இமை விளிம்பில் இருப்பதால் கண் சிவக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சிவந்தால் அதைக் கண் மருத்துவரே அகற்றட்டும். செடியைப் பிடுங்கும் அம்மாவிடம் கையுறை போட்டுக்கொள்ளவும், பேரனைத் தூக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவவும் சொல்லுங்கள்.