கோடைக்குப் பழ வாசனை சென்ட் சரிப்படுமா?

மாம்பழம், அன்னாசி, தேங்காய் கலந்த 'டிராபிக்கல்' சென்ட் சென்னை வெயிலுக்குத் தாங்குமா, உடம்பில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். போன கோடையில் அப்படி ஒன்றை வாங்கி, கத்திரி வெயில் முழுக்கப் போட்டுப் பார்த்தவள் நான்.

வீடு திருவொற்றியூர் தேரடியில், வேலை மண்ணடியில். காலையில் குளித்துத் துடைத்ததும் மணிக்கட்டில் ஒன்று, கழுத்தில் ஒன்று அடிப்பேன். முதல் ஐந்து நிமிடம் பிரமாதம். டின்னில் அடைத்த அன்னாசியைத் திறந்த மாதிரி, அந்தச் சர்க்கரைப் பாகோடு சேர்ந்து வரும். மாம்பழம் என்று அட்டையில் போட்டிருந்தாலும் அது நம் பங்கனப்பள்ளி இல்லை, பீச் பழ ஜாம் மாதிரி. நம் மாம்பழத்தில் காம்பு கிள்ளிய இடத்தில் பால் வடியுமே, அந்தப் பிசின் மணம் இதில் மருந்துக்கும் கிடையாது. மெட்ரோவுக்கு நடப்பதற்குள் கழுத்து வியர்த்துவிடும். மண்ணடியில் இறங்கும்போது அன்னாசி காலி.

ஆரஞ்சு, எலுமிச்சை என்றால் தோலைப் பிழிந்து எண்ணெய் எடுக்கலாம். அன்னாசிக்கும் மாம்பழத்துக்கும் அந்த வழி இல்லாததால், சென்டில் வருவது பெரும்பாலும் ஆய்வகத்தில் கூட்டிச் சேர்த்த வாசனைதான். அன்னாசி மணம் தருகிற எஸ்டர்கள் என்கிற வேதிப்பொருட்கள் லேசானவை, உடம்புச் சூட்டிலேயே சீக்கிரம் ஆவியாகிவிடும். தேங்காய் மணத்துக்குப் போடுகிற காமா நோனலாக்டோன் அவற்றைவிடக் கனம், மெதுவாகத்தான் கிளம்பும். அதனால் பத்தரை மணிக்கு மேல் என் கையில் மிச்சம் இருந்தது தேங்காயும் கொஞ்சம் வெனிலாவும்.

சிக்கலே அங்கேதான். வெள்ளைக்காரர்களுக்குத் தேங்காய் வாசனை என்றால் கடற்கரை, சன்ஸ்கிரீன், லீவு. நமக்கு? பக்கத்து சீட்டுப் பெண் மோந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, தலைக்கு எண்ணெய் வச்சிட்டு வந்தீங்களா?" என்றாள். இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியது என்று நான் சொல்லவில்லை.

சரி, வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், கடையில் காகிதப் பட்டையில் மோந்துவிட்டு உடனே பில் போடாதீர்கள். கையில் அடித்துக்கொண்டு வெயிலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மோந்து பாருங்கள். நாள் முழுக்கக் கூட வரப்போவது அந்த வாசனைதான். கடைசியில் மிஞ்சுகிற அடி வாசனை தேங்காய்க்குப் பதில் வெட்டிவேராக இருந்தால் நம் ஊருக்குப் பொருந்தும். அதுவும் கனமானது, நின்று வரும், வியர்வையோடும் சண்டை போடாது. பாடி மிஸ்ட் என்று விற்பதில் வாசனைச் சரக்கு மிகக் குறைவு, விலை பார்த்து ஏமாறாதீர்கள்.

அடித்ததும் மணிக்கட்டைத் தேய்க்கிற பழக்கம் வேண்டாம். தோல் வறண்டிருந்தால் முதலில் துளி வாசலின் தடவிக்கொண்டு அதன்மேல் அடியுங்கள். எனக்கு அதையெல்லாம்விட உதவியது பருத்தித் துப்பட்டாதான்: கழுத்தில் ஒரு மணி நேரம்கூட நிற்காத பழ வாசனை, துப்பட்டா முனையில் மத்தியானச் சாப்பாடு வரை இருந்தது. வெள்ளைத் துணியில் மட்டும் அடிக்காதீர்கள், கறை விழுகிறது.

மீதி அரை பாட்டிலை மகள் எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அது பேக்கரி தேங்காய் பன் வாசனையாம்.