‘கேரவன் பார்ட்ஸ்’ என்று கேட்டால் கிடைக்காது

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் இருக்கிறோம். 2003-ம் வருட டெம்போ டிராவலரில் படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை வைத்துக் கட்டிய வீட்டு வண்டி ஒன்றை வாங்கினேன். பல வருடம் தென்னந்தோப்பில் சும்மா நின்ற வண்டி. எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் கூரை ஒழுகுகிறது, ஜன்னல் ரப்பர் கல்லாகிவிட்டது, தண்ணீர் மோட்டார் ஓடியும் தண்ணீர் வருவதில்லை. கேஸிலும் கரண்டிலும் ஓடும் வெளிநாட்டு ஃப்ரிட்ஜ் குளிர்வதில்லை. கேஸ் ஏற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வண்டியைக் கட்டிய பட்டறை இப்போது இல்லை. கேரவன் பார்ட்ஸ் கேட்டால் கடைக்காரர்கள் கையை விரிக்கிறார்கள். வெளிநாட்டில் இருந்து வரவழைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். கேரவன் என்றால் நம் ஊர்க் கடைக்காரருக்கு ஷூட்டிங் வண்டிதான் நினைவுக்கு வரும். உங்களிடம் இருப்பது ஒரு டிராவலர் வேன், அதன்மேல் ஒரு பஸ் பாடி, அதற்குள் ஒரு சின்ன வீடு. மூன்றுக்கும் தனித்தனிக் கடைகள்; மூன்றுமே கொங்கு நாட்டுக்குள் இருக்கின்றன.

முதலில் வேன். பேட்டரி ஒயரை மாட்டும் முன்பு டேஷ்போர்டுக்கு அடியிலும் எஞ்சின் பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள். தோப்பில் நின்ற வண்டியில் எலியும் அணிலும் ஒயரைக் கடிக்காமல் விட்டிருந்தால் அதிசயம். டேங்கில் கிடக்கும் பழைய டீசலை இறக்கிவிட்டு, ஃபில்டரை மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். வீல் சிலிண்டர் உள்ளே துருப்பிடித்து இறுகியிருக்கும். நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்க்காமல் ரோட்டில் இறக்காதீர்கள். டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது என்று ஏமாறவும் கூடாது. பக்கவாட்டில் DOT என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் வரும் எண்களில் கடைசி நான்கைப் பாருங்கள். 2315 என்றால் 2015-ம் வருடம் 23-வது வாரம் தயாரானது. அந்த வயசு டயரைத் தயங்காமல் மாற்றுங்கள்.

எஞ்சின் பாகங்களுக்கு அலைய வேண்டியிருக்காது. உங்கள் வண்டி வந்தபோது கம்பெனியின் பெயர் பஜாஜ் டெம்போ; 2005-ல்தான் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆனது. மெர்சிடிஸின் ஓஎம்616 என்ற எஞ்சின் வழி வந்த டீசல் எஞ்சின் அந்தக் கால டிராவலரிலும், அதே கம்பெனியின் ஜீப் மாதிரி வண்டியான டிராக்ஸிலும் ஓடியது. எஞ்சின் நம்பரைக் குறித்துக்கொண்டு போய், டிராவலர் சாமான் இல்லையென்றால் டிராக்ஸ் சாமான் கேளுங்கள். பேரிங், ஆயில் சீலுக்கு வண்டிப் பெயரே தேவையில்லை. பேரிங் முகப்பைத் துணியால் துடைத்தால் 6205 என்பது போல ஒரு எண் தெரியும். அந்த எண்ணுக்கு உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். மில்களுக்குச் சாமான் கொடுக்கும் கோவைக் கடைகளில் எண்ணைச் சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பழைய கதவுப்பூட்டு, கண்ணாடி, கைப்பிடிக்கு உக்கடம் பழைய சாமான் கடைகளைப் பார்க்கலாம். பிரேக், ஸ்டீயரிங் சாமான் மட்டும் பழசில் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும்.

பாடிக்குக் கரூர். பஸ் பாடி கட்டும் ஊரில் ஜன்னல் ரப்பர் கிடைக்காமல் போகாது. ஆனால் ‘ஜன்னல் ரப்பர்’ என்று போனில் கேட்டால் பிரயோஜனம் இல்லை. கண்ணாடியைப் பிடித்திருக்கும் பழைய ரப்பர் பீடிங்கில் ஒரு விரல் நீளம் வெட்டி எடுத்துப் போங்கள். அந்த வெட்டு முகத்தைப் பார்த்துத்தான் சரியானதைத் தேட முடியும். கண்ணாடியின் கனத்தையும் பாடித் தகட்டின் கனத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஒழுகலைச் சரிசெய்வதற்கு முன் கண்டுபிடிக்க வேண்டும். தண்ணீர் நுழையும் இடம் ஒன்று, சொட்டும் இடம் வேறு. ஒருவர் உள்ளே டார்ச்சோடு நிற்க, ஹோஸ் பைப்பில் கீழிருந்து மேலாக ஒவ்வொரு இணைப்பாக, கொஞ்ச நேரம் விட்டு விட்டு நனையுங்கள். கூரையில் ஓட்டை போட்டு மாட்டிய சாமான்களின் ஓரம்தான் பெரும்பாலும் குற்றவாளி. எம்-சீல் பூசினால் காய்ந்து கெட்டியாகி, வண்டி குலுங்கும்போது வெடித்துவிடும். சிலிகான் பூசினால் பின்னால் அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது, பெயிண்டும் நிற்காது. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடியில் பிசுபிசுவென்று ஒட்டும் புட்டைல் டேப்பும், ஓரத்தில் காய்ந்தாலும் ரப்பர் போல வளையும் பாலியூரித்தேன் சீலண்டும் போடச் சொல்லுங்கள். அப்புறம், தரைப் பலகையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த இடம் உளுத்துவிட்டது. ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் போடுங்கள்.

தண்ணீர் மோட்டாரைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் அது தண்ணீரை இழுக்கும் பக்கத்தில் இருக்கும் வலையைக் கழற்றிக் கழுவுங்கள், கிளிப்புகளை இறுக்குங்கள். காற்று இழுத்தாலும் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. பிறகும் வரவில்லை என்றால் உள்ளே உள்ள ரப்பர் வால்வு போயிருக்கலாம். அதே வேலையைச் செய்யும் 12 வோல்ட் டயாஃப்ரம் பம்பு, குழாயை மூடினால் தானே நிறுத்தும் பிரஷர் ஸ்விட்சோடு, மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரில் இருக்கிறது. விவசாயக் கருவிக் கடையில் தனியாகவே விற்பார்கள். குழாய்க்குப் போதும், ஷவருக்குக் கொஞ்சம் மந்தம்தான். புதிதாக மட்டும் வாங்குங்கள். மருந்தடித்த பழைய பம்பைக் கழுவி மாட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். புதிது போட்டாலும் குடிக்கிற தண்ணீருக்குத் தனிக் கேன்தான்.

ஃப்ரிட்ஜ் விஷயத்தில் உங்கள் மெக்கானிக் சொல்வது தவறு. அதில் கம்ப்ரசரே கிடையாது. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றையும் குழாய்க்குள் அழுத்தத்தில் அடைத்து, ஒரு முனையைச் சூடாக்கிக் குளிரவைக்கும் ஏற்பாடு. வீட்டு ஃப்ரிட்ஜைப் போலக் குழாயை வெட்டி கேஸ் ஏற்றப் போனால் ஆபத்து. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, வீட்டுக் கரண்டில் ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள். சாய்ந்து நின்றாலே இந்த வகை குளிராது. பின்பக்கம் மஞ்சள் பொடி படிந்திருந்தாலோ மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி அடித்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. வெளிநாட்டு யூனிட்டுக்குச் செலவழிப்பதைவிட, 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் வாங்குவதே என் யோசனை. அதற்கு எஞ்சின் பேட்டரியைத் தொடாமல் தனி பேட்டரி வையுங்கள். பழைய ஃப்ரிட்ஜுக்குப் போன கேஸ் லைனை முறையாக அடைத்துவிடுங்கள். அடுப்பின் ரப்பர் குழாயையும் கையோடு மாற்றுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும். சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே போக ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவைத் தொடங்கும் முன் ஆர்சி புத்தகத்தைத் திறந்து பாருங்கள். சொந்த வண்டிக்கு முதல் பதிவு 15 வருடம், பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உங்கள் வண்டி அந்த 15 வருடக் கெடுவைத் தாண்டிவிட்டது. வண்டியின் வகையும் சீட் எண்ணிக்கையும் இப்போதைய அமைப்போடு ஒத்துப்போகிறதா என்றும் கவனியுங்கள். பீடிங், பம்பு மாற்ற யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சீட்டையோ எஞ்சினையோ பாடியையோ மாற்றுவதானால் ஆர்டிஓ அனுமதி வாங்கிய பிறகே பட்டறைக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.