வாசகர் கேள்வி பதில்: வர்ணனையாளரின் ஹெட்போனில் அவருடைய குரல்

கேள்வி: எங்கள் பகுதிப் பிள்ளைகள் ஆடும் கால்பந்துப் போட்டிகளை இணையத்தில் நேரலையாக ஒளிபரப்புகிறோம், இரண்டு பேர் தமிழில் வர்ணனை செய்கிறோம். மைதானத்தின் ஓரமாக இழுத்திருந்த மைக் ஒயரில், ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் ‘ஊங்’ என்ற இரைச்சல் கலந்துவந்தது. அதனால் இந்த முறை ஒலியை நெட்வொர்க் கேபிளில் அனுப்பும் ‘டான்டே’ தொழில்நுட்பத்தில் இயங்கும், மைக்கையும் ஹெட்போனையும் செருகும் வர்ணனையாளர் பெட்டிகள் இரண்டை வாடகைக்கு எடுத்தோம். இரைச்சல் நின்றுவிட்டது. ஆனால் ஹெட்போனில் என் குரல் பானைக்குள் இருந்து பேசுவதைப் போல ஒலிக்கிறது. சில நேரம் வாய் குழறவும் செய்கிறது. லேப்டாப்பில் ஒலிகளைக் கலந்து, அதையே எங்கள் ஹெட்போனுக்குத் திருப்பி அனுப்புகிறோம். பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?
– ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: கொடுத்துவிடாதீர்கள். குறை பெட்டியில் இல்லை. உங்கள் குரல் உங்கள் காதுக்குத் திரும்பி வரும் வழியில்தான் இருக்கிறது.

நாம் பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமல்லாமல் மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் நம் செவியை அடைகிறது, அதுவும் ஏறக்குறைய அந்தக் கணத்திலேயே. அதே குரல் சிறிது தாமதித்து ஹெட்போனிலும் வந்து சேர்ந்தால், இரண்டும் கலந்து சில அதிர்வெண்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். தாமதம் 1 மில்லிவினாடியாக இருந்தால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று பள்ளங்கள் விழும், அதாவது அந்த அதிர்வெண்களில் ஒலி மங்கிவிடும். 5 மில்லிவினாடியானால் 100 ஹெர்ட்ஸிலேயே முதல் பள்ளம் விழுந்து, அதன்பின் 200 ஹெர்ட்ஸுக்கு ஒன்றாகத் தொடரும். நீங்கள் சொல்லும் பானைக் குரல் இதுதான். தாமதம் இன்னும் கூடினால் அது எதிரொலியாகவே கேட்கும். 200 மில்லிவினாடியை நெருங்கும்போது நல்ல பேச்சாளருக்கும் நாக்கு தடுமாறும். உங்களுக்கு வாய் குழறுவது பயிற்சிக் குறைவால் என்று தயவுசெய்து நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தத் தாமதத்தில் பெரும்பங்கு லேப்டாப்பினுடையது. ஆஸ்திரேலியாவின் ஆடினேட் நிறுவனம் உருவாக்கிய டான்டேயில், கருவிக்கும் கருவிக்கும் இடையே வழக்கமாக வைக்கும் தாமதம் 1 மில்லிவினாடி. அதிகம் போனால் 5. ஆனால் கணினியில் இயங்கும் டான்டே மென்பொருள் 4, 6, 10 மில்லிவினாடி என்ற அளவுகளில்தான் வேலை செய்யும். போக ஒரு முறை, வர ஒரு முறை, நடுவே ஒலி கலக்கும் மென்பொருள் பிடித்துவைக்கும் நேரம் என்று எல்லாம் சேர்ந்தால் பல பத்து மில்லிவினாடிகள் ஆகிவிடும்.

ஆகவே உங்கள் குரலை நெட்வொர்க்கில் சுற்றவிட்டுக் கேட்காதீர்கள். பல வர்ணனையாளர் பெட்டிகளில் ‘சைடு டோன்’ என்ற வசதி உண்டு. மைக்கில் பேசுவதை அந்தப் பெட்டிக்குள்ளேயே ஹெட்போனுக்குக் கொடுப்பது அதன் வேலை. அதைத் தேவையான அளவுக்குத் திறந்துவையுங்கள். லேப்டாப்பிலிருந்து உங்களுக்கு வரும் கலவையில் மைதான ஒலி, உடன் வர்ணனை செய்பவரின் குரல், ஒளிபரப்பை இயக்குபவரின் குறிப்பு ஆகியவை இருக்கட்டும்; உங்கள் குரல் மட்டும் இருக்கக் கூடாது. ஒலிப்பதிவாளர்கள் இதை ‘மிக்ஸ் மைனஸ்’ என்பார்கள். உடன் பேசுபவருக்கு அவர் குரல் நீங்கிய வேறொரு கலவை வேண்டும். இருவருக்கும் ஒரே கலவையை அனுப்பினால் இதே தொல்லை ஒருவருக்கு மிஞ்சும். இயக்குபவரின் குறிப்பை ஒரு காதுக்கும் மற்றவற்றை இன்னொரு காதுக்கும் பிரித்துத் தந்தால், கோல் விழும் நேரத்து ஆரவாரத்திலும் அவர் சொல்வது தெளிவாக விழும்.

கேள்வி: இதே வகைப் பெட்டியை வீட்டு வைஃபை ரவுட்டரில் செருகிப் பார்த்தோம், ஒலி இடையிடையே அறுந்தது. கேபிளை எவ்வளவு தூரம் இழுக்கலாம்?
– ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: ஒரு குரலுக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் கணக்கில் நொடிக்கு 1.152 மெகாபிட் போதும். நெட்வொர்க்கில் இடம் போதாமல் ஒலி அறுவதில்லை. உரிய நேரத்துக்குள் வந்து சேராததால்தான் அறுகிறது. ஆகவே ஒலிக்கென்று தனியாக, நெட்வொர்க் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் ஒரு கிகாபிட் ஸ்விட்ச் வாங்குங்கள். சிசிடிவி கேமராவையும் ரவுட்டரையும் அதில் சேர்க்காதீர்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகச் சில ஸ்விட்ச்களில் உள்ள ‘கிரீன் ஈதர்நெட்’ வசதியை அணைத்துவிடுங்கள். கருவிகளின் உள் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்து ஓடுவதை அது கெடுக்கும். பிஓஇ உள்ள ஸ்விட்ச் என்றால் பெட்டிக்கான மின்சாரமும் அதே கேபிளில் போய்விடும்; வர்ணனை மேசைக்குத் தனி பிளக் தேவைப்படாது.

தூரத்தில் கவனமாக இருங்கள். கேட் 6 கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். கால்பந்து மைதானத்தின் நீளமோ 90 முதல் 120 மீட்டர் வரை இருக்கலாம். ஒரு கோல் கம்பத்திலிருந்து மறு கோல் கம்பம் வரை, வளைவுகளையும் சேர்த்து இழுத்தால் எல்லை தாண்டிவிடும். நடுக்கோட்டுக்கு அருகே இன்னொரு ஸ்விட்ச் வையுங்கள், அல்லது ஃபைபர் போடுங்கள். காசிமேட்டுக் கடற்காற்று உங்கள் மைதானம் வரை வீசுமென்பதால், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு கேபிள் முனைகளைத் துடைத்து மூடிவையுங்கள். உப்பு படிந்த முனையில் பச்சை பூத்த பின் எந்த ஸ்விட்சை மாற்றியும் பயன் இருக்காது.

கேள்வி: குத்துச்சண்டைப் போட்டிகளுக்கு நாள் முழுவதும் அறிவிப்பாளராக இருக்கிறேன். மாலையில் காதில் இரைச்சல் கேட்கிறது.
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: இதை அலட்சியப்படுத்தாதீர்கள். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது பணியிடத்துக்குப் பரிந்துரைக்கப்படும் வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அதாவது 94 டெசிபலில் 1 மணி நேரம்தான். கூட்டத்தின் சத்தத்தை வெல்வதற்காக நாம் ஹெட்போனை ஏற்றிக்கொண்டே போகிறோம். காதை முழுவதும் மூடும் ஹெட்போன் வெளிச்சத்தத்தைக் குறைப்பதால், அளவைத் தாழ்த்தியே கேட்க முடியும். முதல் ஆட்டம் தொடங்குமுன் அளவை வைத்துவிட்டு, பெட்டியின் ஒலியளவுத் திருகில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். மாலையில் திருகு அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால், அடுத்த ஆட்டத்துக்கு மைக்கை இன்னொருவரிடம் கொடுங்கள். மறுநாள் காலையிலும் இரைச்சல் நிற்கவில்லை என்றால் காது மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.